பதினோராம் பள்ளம்

அனுப்புநர்:
மேவிஸ் ஆட்காக்,
க/பெ. கிளிஃபோர்ட் ஆட்காக் (காலஞ்சென்றவர்),
சர்ச் பண்ணை, வென்ஸ்கோட் கிராமம்,
மிட்லண்ட்ஸ், இங்கிலாந்து.

பெறுநர்:
தொல்லியல் பதிவு அலுவலர் அவர்கள்,
வட்டாரத் திட்ட அலுவலகம், ஹாட்ஸ்லி.

பொருள்: 'டவுன் க்ளோஸ்' மேய்ச்சல் நிலம், 14 ஏக்கர் – சமதரை எனப் பதிவானதைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலத்தை நானும் என் கணவரும் முப்பத்தொரு ஆண்டுகள் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி மேய்த்தோம். ஒருமுறைகூட உழவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் உழுதவர்கள் விட்டுப்போன மேடும் பள்ளமும் அங்கே வரிசையாக இருக்கின்றன. மேடுகள் இருபத்தாறு. எட்டு எருது பூட்டிய ஏர் திரும்புவதற்கு இடம் தேவைப்பட்டதால் ஒவ்வொரு மேடும் கடைசியில் இடப்பக்கம் வளையும். வடக்கே அவர்களுடைய எல்லை வரப்பு புல்லுக்கடியில் கிடக்கிறது.

2. கடந்த ஜூன் 12 அன்று நண்பகலில் தங்கள் கள ஆய்வாளர் வந்தார். கேட் அருகிலேயே நின்றார். உள்ளே போக என் கணவரின் ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். "வேண்டாம்மா, இங்க நின்னாலே கடைசி வேலி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுதே" என்றார். ஒன்பது நிமிடங்களில் புறப்பட்டுவிட்டார். அறிக்கையில் "சமதரை, மேடு பள்ளம் ஏதும் காணப்படவில்லை" என்று உள்ளது. ஜூன் மாதத்து உயர்ந்த புல்லில், நிழல் விழாத உச்சி வெயிலில் காணப்படாதுதான். இந்த அறிக்கையைக் காட்டித்தான் நில உரிமையாளர் நிலத்தை நிரவி மக்காச்சோளம் போட அனுமதி கேட்டிருக்கிறார்.

3. குத்தகை என் கணவரோடு முடிந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறேன். ஆகவே குத்தகையைக் கேட்டு இதை எழுதவில்லை.

4. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கம்பளி கனத்த செம்மறி பள்ளத்தில் மல்லாந்து விழுந்தால் தானாக எழ முடியாது. வயிறு உப்பிச் சில மணி நேரத்தில் செத்துவிடும். கேட்டிலிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது. அதனால் தினமும் காலையில் மேடுகளைக் குறுக்கே தாண்டி நடந்து ஒவ்வொரு பள்ளத்தையும் பார்க்க வேண்டும். கல்யாணமான முதல் வருடம் நான் கேட்டில் நின்று எண்ணிவிட்டு வந்து ஓர் ஆட்டைச் சாகவிட்டேன். "கேட்ல நின்னு எண்ணுறதுன்னா தபால்காரரே எண்ணிட்டுப் போயிடுவாரே, நீ எதுக்குடி?" என்று கிளிஃபோர்ட் கேட்டார். அதன்பிறகு நான் அப்படிச் செய்ததில்லை.

5. மார்ச் 9 அன்று காலை ஆறரைக்கு அவர் ஆடு பார்க்கப் போனார். ஏழே முக்காலுக்குத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மழை. நான் கேட் வரை போய்ப் பார்த்தேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆளைக் காணோம். இரண்டு முறை கூப்பிட்டேன். பக்கத்துப் பண்ணைக்குப் போயிருப்பார் என்று நினைத்துத் திரும்பி வந்து பாத்திரம் கழுவினேன். பதினொன்றே முக்காலுக்கு மேடுகளைத் தாண்டி நடந்தேன். பதினோராவது பள்ளத்தில் இருந்தார். கோட்டின் உட்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

6. தங்கள் அறிக்கை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மறுநாள் கடையில் ரொட்டிக்காக நின்றேன். நான் பின்னால் நிற்பது தெரியாமல் திருமதி டெபட் பேசிக்கொண்டிருந்தார். "சமதரைன்னு ஆபீஸ்லயே எழுதிட்டாங்க. அப்போ கேட்ல நின்னவளுக்குக் கட்டின புருஷன் கண்ணுல படலையாமா?" அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எதன்மேலும் இல்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

7. நான் நடந்து பார்த்திருக்க வேண்டும். அது என் தவறு. அதைத் தங்கள் பதிவேடு திருத்த முடியாது. ஆனால் அந்த நிலம் சமதரை என்றால், என் கணவர் நான்கு மணி நேரம் என் கண்ணெதிரே கிடந்தார் என்றும் நான் பார்த்துவிட்டுப் போனேன் என்றும் ஆகிறது. அது உண்மையல்ல. கைத்தடியால் அளந்தேன். பதினோராம் பள்ளத்தின் ஆழம் என் முழங்கால் வரை. ஜனவரியில் இலேசான பனி விழுந்தபோது கிளிஃபோர்ட் எடுத்த புகைப்படத்தை இணைத்துள்ளேன். இருபத்தாறு மேடும் அதில் தெரிகின்றன.

8. ஆகவே நிலம் நிரவப்படுவதற்கு முன் ஆய்வாளரை மீண்டும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் உள்ளே நடக்க வேண்டியதில்லை. பூட்ஸும் வேண்டாம். சென்ற முறை நின்ற அதே இடத்தில் நிற்கட்டும். நான் போய்ப் பதினோராம் பள்ளத்தில் படுத்துக்கொள்கிறேன். நான் தெரிகிறேனா இல்லையா என்பதை மட்டும் பார்த்து அறிக்கையில் எழுதிக்கொடுத்தால் போதும்.

இடம்: வென்ஸ்கோட்
நாள்: ஆகஸ்ட் 4

இப்படிக்கு,
மேவிஸ் ஆட்காக்
(கையொப்பம்)

இணைப்பு: புகைப்படம் – 1. தயவுசெய்து திருப்பி அனுப்பவும். வேறு பிரதி இல்லை.