கேஸ்ட்ரிக் கிளினிக்

இன்று காலை உக்குவளையில் என் கடையில் ஓம டப்பாவைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உன் மேல் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஓமம் கேட்டு வந்தவரிடம், யாருக்கு, எதற்கு என்று அதட்டினேன். பேரப்பிள்ளைக்கு வயிற்று உப்புசமாம். மனுஷன் மிரண்டுபோனார்.

நீ செத்துப்போன பிறகு எனக்கு இதே கதிதான். உன் பொய்க்குத் துணையாக இந்தக் கடையிலேயே ஓமம் வாங்கிப் போனவன் நீ. கண்டி கிளினிக்கில் நாம் இருவரும் எடுத்தது எச்.ஐ.வி. மாத்திரை. எல்கடுவ தோட்டத்து லயத்து வீட்டில் நீ சொல்லி வைத்திருந்ததோ கேஸ்ட்ரிக் கிளினிக் என்று. "வாயால சொன்னா மட்டும் நம்பமாட்டாங்க நானா, அம்மா கண்ணுல ஓமம் படணும்" என்பாய், என்னை அண்ணன் முறையில் நானா என்றழைத்து.

உன்னை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த நோய் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே ஒருவனுக்குத் தேத்தண்ணிக் கடையில் தனிக் கோப்பை வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நீ வாயை மூடிக்கொண்டாய். அந்தக் கோப்பையை எடுத்து வைத்த கையை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

நம் இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்த நாள் நினைவிருக்கிறதா? இனிப் பயமில்லையே என்று கேட்டாய். டொக்டர் நம்மை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவருகிற வெள்ளை அணுக்கள் உண்டு. மாத்திரை வைரஸை அடக்கும்போது அவையும் பெருமளவு அடங்கும், ஆனால் முழுதாக அல்ல. சிலருக்கு அவை வருஷக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருந்து இரத்தக் குழாய்களைப் புண்ணாக்கும், மாரடைப்பும் வரலாம். அதனால் மாத்திரையை விடவே கூடாது, நெஞ்சு வலித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்றார்.

"பன்னி ஓடிப்போன பொறகும் வெடி போட்டுக்கிட்டே இருக்கிற காவக்காரன் மாதிரியா டொக்டர்?" என்று கேட்டாய்.

"அதேதான். அந்த வெடி உங்க கூரையிலேயே விழும்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாய். மாத்திரையை ஒரு நாளும் நீ விடவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். பாதிப் பாடத்தை அப்படி ஒழுங்காகப் படித்தவன், நெஞ்சு வலித்தால் தாமதிக்கக் கூடாது என்ற மீதியை வீட்டில் சொல்லவில்லையே.

செத்த வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேஸ்ட்ரிக்குதானே தம்பி. வேர்த்துக் கொட்டிச்சு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டான். ஓமத் தண்ணி குடுத்து, கொஞ்சம் படுத்துக்கய்யான்னு சொன்னேன்" என்றார். அது உன் வீட்டுக்கு என் கடையிலிருந்து போன ஓமம். நீ ஏன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை? திறக்க முடியாத அளவுக்கு வலித்ததா, இல்லை அந்தக் கோப்பை நினைவுக்கு வந்ததா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

கடைக்குச் சரக்கு எடுக்கக் கண்டிக்குப் போகிறேன் என்றுதான் நானும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, என்னோடு இருக்கும் அக்காவிடம், என் ராத்தாவிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்:

"நெஞ்சு நொந்தா நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு."

இவ்வளவுதான்டா. உன் அம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பார். நீதான் கேட்க விடவில்லை.