முதலில் சொல்பவர்

திருகோணமலை
02.03.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் உறங்கிய பிறகு குசினியில், அடுப்பு வெளிச்சத்தில் இருந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள். லொறிக்கார முத்தலிப் நானாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவையும் ஆதம்பாவா மாமாவையும் ஆமி பிடித்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டது. இருவரும் பங்கில் வைத்திருக்கும் ஐஸ் கிடங்கில், மரத்தூளுக்குள் குண்டு வெடிக்கவைக்கும் பற்றரிகள் இருந்தனவாம். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தனித்தனியாக அடைத்து வைத்திருக்கிறார்கள். மற்றவரை முதலில் காட்டிக்கொடுப்பவர் வீட்டுக்குப் போகலாமாம். அவருக்காக வீட்டார் சொன்னாலும் சரியாம்.

வெள்ளிக்கிழமை எங்களை முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். பயமாக இருக்கிறது அண்ணா. என்ன சொல்லட்டும்? மாமாவின் மனைவி ஆமினா உம்மா தன் புருஷனையும் ஆமியிடம் பறிகொடுத்துவிட்டு எங்களுக்கும் சேர்த்துச் சமைத்து அனுப்புகிறா.

உங்கள் தங்கை,
குணேஸ்வரி

கொழும்பு
04.03.1986

அன்புத் தங்கைக்கு,

அழாதே. எங்கள் வணிக வகுப்பில் இதே பாடம்தான் நடக்கிறது. இரண்டு வியாபாரிகள் விலையைக் குறைப்பதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் இரகசியமாகக் குறைத்தால் சந்தை முழுக்க அவருக்கு. இருவரும் குறைத்தால் இருவருக்கும் நட்டம்தான், ஆனால் நம்பி ஏமாறுவதைவிட அது மேல். ஆகவே மற்றவர் எதைச் செய்தாலும், முந்துகிறவனுக்கே நன்மை. இதற்கு விளையாட்டுக் கோட்பாடு என்று பெயர். நாளைக்கு நான் தொழில் தொடங்கினாலும் இப்படித்தான் முடிவெடுப்பேன்.

ஆதம்பாவா வாய் திறந்தால் அப்பா தொலைந்தார். திறக்காவிட்டால், நீ திறந்து அப்பாவைக் கூட்டி வரலாம். அம்மாவிடம் கேட்காதே. பாசத்தைத் தள்ளிவைத்துக் கணக்குப் பார்.

உன் அண்ணா

திருகோணமலை
09.03.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பா வந்துவிட்டார்.

முகாமில் அம்மா, "ரெண்டு பேரும் ஒரு குற்றமும் செய்யேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றா. நான் சிங்களத்தில், அது ஆதம்பாவாவின் சாமான் என்றேன். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றா. முகாமின் பெரிய அதிகாரி சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை, நாளைக்கு இருவரையும் விடுவதாக இருந்தோம் என்றார். அதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மாமாவை வேறு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா சோற்றைத் தொடவில்லை. "நானும் சொல்லேல்லை, அவனும் சொல்லேல்லை. பிறகு ஆர் சொன்னது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

இருவரையும் விடுவதாக இருந்தோம் என்று உங்கள் பாடத்தில் எங்காவது இருக்கிறதா?

குணேஸ்வரி

கொழும்பு
13.03.1986

அன்புத் தங்கைக்கு,

நீ சரியாகத்தான் ஆடினாய். தெரிந்ததை வைத்துத்தானே முடிவெடுக்கலாம். இனித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் ஒரே கையில். ஆமினா உம்மாவுக்கு இப்போது கைச்செலவுக்கும் கஷ்டமாக இருக்கும். அவவின் பங்கை வாங்கச் சொல்லி அப்பாவிடம் மெல்லக் கதை. சுணங்கினால் வேறொருவன் முந்திவிடுவான்.

உங்கள் கதையைப் பெயர் மாற்றி வகுப்பில் வாசித்தேன். கை தட்டினார்கள்.

உன் அண்ணா

திருகோணமலை
06.04.1986

அண்ணா,

அப்பாவிடம் நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவர் கிடங்கைத் திறப்பதே இல்லை.

ஆமினா உம்மா மாமாவைப் பார்க்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனா. "சிங்களம் தெரிஞ்ச வேற ஆரு மகள் இரிக்கா எனக்கு?" என்றா. அவருக்குப் பிடிக்கும் என்று மீன் பொரித்துக் கட்டிக் கொண்டு வந்திருந்தா. முகாம் வாசலில் நின்ற ஆமிக்காரனிடம் மாமாவின் பெயரைச் சொன்னேன். அந்த ஆள் போன கிழமையே செத்துவிட்டான், இனி வர வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னான்.

உம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"சுகமா இருக்கிறாராம் உம்மா. சாப்பாட்டைக் குடுத்திட்டுப் போகட்டாம்" என்றேன்.

அவன் பொதியை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் உம்மா என் கையை விடவேயில்லை. அடுத்த முறை கணவாய் கறி வைக்க வேண்டும், நீதான் என்னோடு வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தா. நான் ஓம் என்றேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

குணேஸ்வரி