ஜூஸ் கம்பெனி என்று சொன்னது நான்தான், கதிர்

என் செல்லத் தம்பி கதிருக்கு,

நான்காவது முறையாக இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். உட்கார்ந்தால் எழுத வரவில்லை, எழுந்தால் எழுத வேண்டும்போல் இருக்கிறது. கடைசியில் சமையல் மேடைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். பதற்றம் வந்தால் அக்காவின் கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும் என்று கேலி செய்வாயே. காலையிலிருந்து இந்த மேடையை எத்தனை தடவை துடைத்தேனோ, எனக்கே தெரியாது.

அடுத்த வெள்ளியோடு நீ போய் ஒரு வருடம். போன வாரம்வரை உனக்குத் திதி கிடையாது என்றுதான் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். உன் படத்தைக்கூட மாட்ட விடவில்லை. அது என் துணி அலமாரிக்குள், புடவைகளுக்கு நடுவில் இருந்தது. தினம் அலுவலகத்துக்குப் புடவை எடுக்கும்போது உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

காரணம் உனக்குத் தெரியாது. நாசிக்கில் நான்கே நாள் காய்ச்சலில் போய்விட்டாய். டெங்கு என்றுதான் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. கூடவே, கல்லீரலும் பாதித்திருந்ததாக ஒரு வரி. டெங்குவில் அப்படி ஆகும் என்று டாக்டர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு யார் சொல்வது? “ஒயின் கம்பெனில வேல பாத்த பையன். ஈரல் போச்சுன்னா என்னா அர்த்தம்?” என்று வாசலில் யாரோ பேசியது அப்பா காதில் விழுந்துவிட்டது.

“குடிச்சிச் செத்தவனுக்கு என்னா தெவசம் வேண்டிக் கெடக்கு?” என்றார். நீ ஒரு மடக்குகூடக் குடித்ததில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதுதான் உன் வேலை என்று சொன்னேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ சொல்றியா? முன்னாடியும் நீ சொன்னதத்தான் நம்பிக்கினு இருந்தேன்.”

அதற்குமேல் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஏன் என்று அப்போது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதைப் படிக்கிற எல்லோருக்கும் இன்றைக்குத் தெரியட்டும்.

சில வருடங்களுக்கு முன், நீ நாசிக்கில் இருக்கும்போதே, மேல்பட்டாம்பாக்கத்தில் உனக்குப் பெண் பார்த்தோம். மாப்பிள்ளை என்ன வேலை என்று அவர்கள் கேட்டபோது, நான்தான் முந்திக்கொண்டு, “நாசிக்ல திராட்ச ஜூஸ் கம்பெனில சூப்பர்வைசர்” என்றேன். அம்மா இல்லாத வீடு. ஆறு வயதிலிருந்து உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். ஒயின் என்று சொன்னால் பெண் தர மாட்டார்கள் என்று பயந்தேன். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, நீ லீவில் வந்திருந்த அன்று, பெண்ணின் தாய்மாமன் வந்து, நீ கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்த படத்தைப் போனில் காட்டினார். “குடிகாரனுக்கா பொண்ணு கேட்டீங்க?” என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் குவார்ட்டர்ஸ்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.”

ஏன்டா அப்படிச் சொன்னாய்? நான் ஏன் அப்போதே மறுக்கவில்லை? அன்று அப்பாவின் முகம் உன் பக்கம் மூடிக்கொண்டதுதான், பிறகு திறக்கவே இல்லை. நீ அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு போனில் நீ கொடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். அல்லது நான் கேட்க ஆரம்பித்தேன். வேறு எதைப் பேசினாலும் பேச்சு அந்த நாளில் போய் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் பயம். பிரான்சில் சிரா என்கிற திராட்சைக்கு ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்று பெயர், மூக்கருகில் கொண்டுபோனால் மிளகு வாசம் அடிக்கும் என்றாய். பாரசீகத்து ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று கதை சொல்வார்களாம். மரபணுவைச் சோதித்தபோது, தாயும் தகப்பனும் பிரான்சின் தென்கிழக்குக் கொடிகள் என்று தெரிந்ததாம். ஸ்பெயினில் டெம்ப்ரனியோ. சீக்கிரம் பழுப்பதால் அந்தப் பெயர். அதையே போர்ச்சுகலின் வடக்கில் டின்டா ரோரிஸ் என்பார்கள், தெற்கில் அரகோனேஸ் என்பார்கள். உங்கள் தோட்டத்து வெள்ளைத் திராட்சை ஷெனின் பிளாங்குக்குத் தென்னாப்பிரிக்காவில் ஸ்டீன்.

“இதென்னடா, நம்ம பிளாக் மாதிரியே இருக்கு” என்றேன். எல்லா ஊர்க்காரர்களும் குடியிருக்கிற நெய்வேலிக் குவார்ட்டர்ஸில், மரவள்ளிக் கிழங்கு வாங்கினால் நாகர்கோவில்காரர் வீட்டில் மரச்சீனி, சேலத்துக்காரர் வீட்டில் குச்சிக்கிழங்கு. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த வாரமும் ஒரு திராட்சையைக் கேட்டேன்.

ஒரு பெயர் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. கார்மனேர். பிரான்சிலிருந்து சிலி நாட்டுக்குக் கொண்டுபோன கொடி. அங்கே மெர்லோ என்கிற வேறொரு கொடியோடு கலந்து, நூறு வருடத்துக்கும் மேல் மெர்லோ என்றே அழைத்திருக்கிறார்கள். மெர்லோவைவிடச் சில வாரம் தாமதமாகப் பழுக்கிற ஜாதி அது. மெர்லோவோடு சேர்த்துப் பறித்துவிடுவார்கள். ஒயினில் பச்சைக் குடமிளகாய் வாசம் அடிக்கும். சரியில்லாத மெர்லோ என்று பேர் வாங்கிக்கொண்டே நின்றிருக்கிறது. யாரோ ஒருவர் இலையையும் பூவையும் உற்றுப் பார்த்து, இது மெர்லோவே இல்லை என்று சொன்ன பிறகுதான் அதைப் பழுக்க விட்டார்கள்.

இதை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு மட்டும் நெஞ்சில் தைத்தது. என்னைக் குத்திக் காட்டினாயா? நீ அப்படிப்பட்டவன் இல்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெயர் முத்துமாரி, கம்பத்துக்காரி, உன்னோடு நாசிக்கில் வேலை பார்த்தவள். லீவுக்கு ஊருக்கு வந்தவள், உனக்கு வருடம் வருகிறது என்று நினைவு வைத்து, பஸ் மாறி மாறி நெய்வேலிக்கு வந்திருக்கிறாள். பெட்டியில் அவர்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, நாசிக் என்றதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. “ஐயா, ஒரு நிமிசம் உக்காருங்கய்யா. கதிர் அண்ணன் எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு. அவரு அப்பாவப் பாக்கத்தான் வந்தேன்.”

“அவன் குடிக்கச் சொல்லிக் குடுத்தானா?” என்றார் அப்பா.

அவள் கொஞ்சம்கூட அசரவில்லை. என்னிடம் ஒரு டம்ளரும் ஒரு வாளியும் கேட்டாள். பழங்களைப் பிழிந்து வடிகட்டி டம்ளரில் ஊற்றினாள். அப்பா எதிரிலேயே நின்று முதலில் நிறத்தைப் பார்த்தாள், பிறகு மூக்கை உள்ளே விட்டு மோந்தாள், ஒரு வாய் எடுத்து நாக்கில் சுழற்றி, உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சி, வாளியில் துப்பினாள்.

“இது பன்னீர் வாசங்கய்யா. இதுக்கு வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு. பேரு ஜெர்மனி ஊரு பேரு. ஆனா பொறந்தது இங்கிலாந்துல கண்ணாடி வீட்டுக்குள்ளன்னு சொல்லுவாக. எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க வளக்குறோம், இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அப்பா வாளியைப் பார்த்தார். “துப்பிட்டா ருசி எப்பிடித் தெரியும்?”

“ருசி எல்லாம் நாக்கோடயும் மூக்கோடயும் சரிங்கய்யா. முழுங்குனா அஞ்சாவது டம்ளர்ல நாக்கு ஏமாத்திப்புடும். அண்ணன் ஒரே நாள்ல நாப்பது டம்ளர் பாப்பாரு. சாயங்காலம் மோர் குடிச்சுட்டு வண்டி ஓட்டிட்டுப் போவாரு. எந்தத் தொட்டி சரியா வந்திருக்கு, எது கெட்டுப்போகப் போகுதுன்னு அவரு சொன்னா முதலாளி மறுபேச்சுப் பேச மாட்டாரு.”

அப்பா டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், “சாம்பிளு” என்றார். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் ஓடிவருகிற நிலக்கரியில் ஷிப்டுக்கு ஷிப்டு சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்பா. அதில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல் என்று பார்ப்பார்கள். ரிட்டையர் ஆகிறவரை அந்த ஒரே வேலை.

“எம்புள்ளயும் சாம்பிளுதான் பாத்துக்கினு இருந்தானா?” என்று அவளிடம் கேட்டார். “ஆமாங்கய்யா” என்றாள். அப்பா ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

முத்துமாரியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இனியும் சொல்லாவிட்டால் என்றைக்குமே சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் எதிரே போய் நின்று சொன்னேன். “ஜூஸ் கம்பெனின்னு சொன்னது நான்தான்பா. அவன் சொல்லச் சொல்லல. அவனுக்கே அது அன்னிக்குத்தான் தெரியும்.”

“அப்ப அவன் ஏன் தம்மேல போட்டுக்கினான்?”

“நீங்க என்னத் திட்டக்கூடாதுன்னு.”

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பொங்கலுக்குப் பொங்கல் வூட்டுக்கு வந்தான்” என்றார். “எதிர்ல உக்காந்து என்னாவோ சொல்ல வாயத் தொறப்பான். நான் டிவி சவுண்டக் கூட்டுவேன். அவன் கம்முனு எழுந்து போவான்.” அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் ஆணியும் சுத்தியலும் இருந்தன. “போட்டோ எங்க வெச்சிருக்க?”

இப்போது நீ கூடத்தில் இருக்கிறாய். திதிக்கு ஐயரிடம் அப்பாவே சொல்லிவிட்டு வந்தார். ஆனால் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில், அதோடு சரி. மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. இத்தனை வருடம் உனக்கு நேர்ந்தது இப்போது எனக்கு நேர்கிறது, இது நியாயம்தான் என்று மனதுக்குத் தெரிகிறது. கை மட்டும் மேடையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. நீ இருந்திருந்தால், “விடு அக்கா” என்று சொல்லியிருப்பாய். நான் விட்டிருப்பேனா?

நேற்று மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் அப்பா கூப்பிட்டார். முத்துமாரியிடம் போனில் பேசினாராம். “நாசிக்ல தை மாசத்துக்கு மேல திராட்ச அறுப்பு ஆரம்பிக்குமாம். என்ன அங்க கூட்டிக்கினு போறியா?” என்றார். போகலாம்ப்பா என்றேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன், சின்னப் பிள்ளைபோலக் கேட்டார்: “அங்க போனா, அவன் நின்ன எடத்துல நின்னு, நானும் ஒரு வாய் வெச்சிப் பாத்துட்டுத் துப்பலாமா?”

கூட்டி வருகிறேன், கதிர். அந்த வாளியை நான் பிடித்துக்கொள்கிறேன். வழியில் ரயிலில் யாராவது, எதற்காக இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டால், என் தம்பி ஒயின் ருசி பார்க்கிற வேலையில் இருந்தான், அதில் கெட்டிக்காரன் என்று நானே முதலில் சொல்வேன். அப்பா பக்கத்தில் இருக்கும்போது, அவர் காதுபடச் சொல்வேன். இது உன் தலையில் அடித்துச் சொல்கிற சத்தியம்.

உனக்குத் தலை வாரிவிட்ட,
உன் அக்கா செல்வி