மூலை மடங்காத கட்டங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

சாபித் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு இருபதுக்குச் சேதி வந்தது. பதறாதீர்கள், நல்ல சேதி.

ரவ்ஷான் நடுவில் விட்டுப்போன வேலையை நான்தான் பார்க்கிறேன். தங்கமும் வெள்ளியும் கலந்த கட்டங்கள், பகடைக்காய் வடிவம், கண்ணுக்குத் தெரியாத அளவு. அமிலத்தில் வெள்ளி மட்டும் கரைந்து வெளியேற வேண்டும். மிச்சத் தங்கம் கடற்பஞ்சு போல உள்ளெல்லாம் ஓட்டையாக, ஆனால் கட்டமாகவே நிற்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் நொறுங்கித் தூளாகிவிடும். இந்த முறை அவள் சொன்னபடியே ஐஸில் வைத்து, அமிலத்தை நீர்க்கவிட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினேன்.

நுண்ணோக்கியில் பார்த்த எங்கள் ஆய்வகத்து லரிசா போனில் கத்தினாள். "டேய் சாபித், ஒரு மூலைகூட மடங்கலடா! பொண்டாட்டி பேச்சை இப்பவாச்சும் கேட்டியே!" என்றாள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பால்வாடிக்கு ஓடி இன்ஜுவிடம் சொன்னேன். "அம்மாவோட கட்டமா? உடையலையா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் தேநீர்த் தட்டில் சர்க்கரைக் கட்டியை நனைய வைத்து, "மூச்சு விடாதப்பா, விழுந்துடும்" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அத்தை. எத்தனை நாளாயிற்று!

ரவ்ஷானின் நாற்பதாம் நாள் நினைவு விருந்தில், "பிள்ளைய நான் வளக்கறேன் மாப்ளே, நீ சின்ன வயசுக்காரன்" என்றீர்கள். பேரப்பிள்ளையைப் பாட்டி எடுத்து வளர்ப்பது நம் வழக்கம்தான். நானும் சரி என்றேன். அன்று யாரோ வெந்நீர் போடும் சமோவரை எடுத்துப்போகக் கேட்டார்கள், அதற்கும் சரி என்றேன். இப்போது தேநீருக்குச் சட்டியில்தான் வெந்நீர் வைக்கிறோம்.

இன்ஜுவின் கோட்டுக்குப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டேன். ரொட்டி இன்னும் கருகுகிறது. அவளும் குறை சொல்லிக்கொண்டே தின்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். இன்ஜுவை அழைத்துப் போக வேண்டாம் அத்தை. தங்க வாருங்கள். ஜன்னலோரக் கட்டிலை உங்களுக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். வெயில் வரும் இடம், உங்கள் முழங்காலுக்கு நல்லது. நீங்கள் நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்காகவும்.

இந்தக் கடிதத்தை உங்கள் மகன் ஒல்ஜாஸிடமே கொடுத்தனுப்புகிறேன். "போன்ல சொல்ல வேண்டியதுதானே மச்சான், நான் என்ன தபால்காரனா?" என்று முறைக்கிறான். போனில் உங்கள் குரலைக் கேட்டால் மறுபடியும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால் போனை அணைத்து வைத்துவிட்டேன்.

உங்கள் மருமகன்,
சாபித்