அணைக்கக் கூடாத ரேடியோ

நடு அறையில் இன்றைக்கும் அதே வாடை. சூடேறிய தூசியின் வாடை. உங்கள் மகன் வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து வருகிறது. காலையில் நான் எழும்போதும் அது ஓடுகிறது, தோட்டத்துக்குப் போய்த் திரும்பும்போதும் ஓடுகிறது. அவன் பொள்ளாச்சிக்குப் போயிருந்தால் ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அணைத்து வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டாத்தானுங்கம்மா கெட்டுப்போகும். ஓடிட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது. இப்பக்கூட அது தூங்கிட்டுத்தான் இருக்குது" என்றான்.

தூங்குகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மூக்கைக் கொண்டு பிறந்தான் என்பது தெரியும். மூளையையும் கொண்டு பிறந்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்த புருஷனுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். என்னிடம் அதை அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் தோட்டத்து வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் நீங்கள் முதலில் செய்த காரியம், பொள்ளாச்சியிலிருந்து வால்வு ரேடியோ ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது. உங்கள் பிள்ளைகளைக்கூட நீங்கள் அப்படி மடியில் வைத்ததில்லை. கடைக்காரன் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறான். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டீர்கள். "வால்வு சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் போறது. அணைக்காம உட்டா ஆயுசுக்கும் பாடும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த ரேடியோவில் சத்தத்தைக் குறைக்கும் குமிழும் அணைக்கும் குமிழும் ஒன்றுதான். குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் 'டக்' என்று அணைந்துவிடும். தவறிப்போய் அணைந்துவிடக் கூடாதே என்று குமிழையே யாரும் தொடக் கூடாதென்று சட்டம் போட்டீர்கள். "தொடாத புள்ள, வால்வு போயிரும்!" கல்யாணமாகி வந்தவளிடம் நீங்கள் அதிகம் பேசிய பேச்சு இதுதான். நீங்கள் வைத்த சத்தத்தில்தான் வீடு நடந்தது. மாடு கறந்ததும் அதில், பிள்ளைகள் தூங்கியதும் அதில்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நிலையத்துக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. 'ஸ்ஸ்ஸ்' என்று சட்டியில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி இரைச்சல் மட்டும். அதையும் அணைக்க மாட்டீர்கள். அதன் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்து, வராத சங்கீதத்துக்குத் தலையாட்டாத குறை. ஒரு நாள் கேட்டேன்: "ஏனுங்க, கரண்டு போனா அதாத்தானே அணைஞ்சு போகுது. அப்ப வால்வு போகாதுங்களா?" அது கரண்டு ஆபீஸ்காரன் பாவம், நம் பாவம் இல்லை என்றீர்கள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் உங்களை 'ரேடியோக்காரர்' என்று கூப்பிட்டார்கள். அதைப் பட்டமென்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டீர்கள். அவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. உங்களுக்குத்தான் ரேடியோ இரைச்சலில் எதுவும் கேட்காதே.

இதையெல்லாம் நான் எப்போதோ மறந்திருப்பேன். எல்லா வீட்டிலும் ஒரு கிறுக்கு இருக்கும். அந்த ஒரு மத்தியானத்தைத்தான் மறக்க முடியவில்லை.

என் அப்பா வந்திருந்தார். காந்தலூரிலிருந்து மறையூருக்கு ஜீப்பில் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, எனக்குப் பிடிக்குமென்று ஒரு பிடி மலைப்பூண்டைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருந்தார். அங்கே அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சுத்தான் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே மார்புச் சளியில் அவர் குரல் நைந்துபோயிருந்தது. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

சாப்பிட்டு முடித்து உங்கள் அருகில் கட்டிலில் உட்கார்ந்தார். கொண்டுவந்த பையை மடியை விட்டு இறக்கவில்லை. நான் அடுக்களை வாசலில் நின்றேன். ரேடியோ 'ஸ்ஸ்ஸ்' என்று கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது.

"என்னுங்கப்பா?"

மறுபடியும் சொன்னார். கேட்கவில்லை. உங்களைப் பார்த்தேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். அப்பாவும் உங்களைப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி, எழுந்து என் பக்கத்தில் வந்து, "ஒண்ணுமில்ல அம்மிணி, சும்மா கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கொஞ்சம் கடலை போட்டுக் கொடுக்கலாமென்று பையை வாங்கினேன். உள்ளே மடித்த வேட்டிகள், மருந்துப் பாட்டில், சவரப் பெட்டி. வந்த அன்றே திரும்புகிறவர் சவரப் பெட்டியோடு வருவாரா? கடுதாசி போட்டுக் கேட்கலாமென்று இருந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, அண்ணிதான் படித்துச் சொல்ல வேண்டும். அதனால் அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாமென்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை வரவில்லை. தந்திதான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து நாம் திரும்பி வந்த பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "அன்னிக்கு உங்கப்பன் இங்கயே கொஞ்ச நாளு இருந்துக்கட்டுமான்னு கேட்டாராட்ட இருக்குது. எனக்கும் செரியாக் காதுல விழுகல."

செரியாகக் காதில் விழவில்லை! ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். ஊர் பேர் தெரியாதவன் எங்கோ பாடினால் கேட்கிற காது. மாமனார் வாய் திறந்து இடம் கேட்டால் கேட்காத காது. உங்களுக்கு விழுந்தது. விழாத மாதிரி கண்ணை மூடிக்கொள்ள அந்த இரைச்சல் வசதியாக இருந்தது. கெட்டவர் என்று உங்களைச் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி வண்டித்தடத்தில் வரும்போதே கேட்டது. பூட்டிய வீட்டுக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. என் அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருகிறேன், என் வீடு குத்துப் பாட்டுப் பாடி என்னை வரவேற்கிறது. சாவு வீட்டுக்குப் புறப்பட்டபோதும் நீங்கள் அதை அணைக்கவில்லை. பூட்டைத் திறந்தேன். நேராகப் போய்க் குமிழைத் திருகினேன். டக்.

அந்த வீட்டில் காற்று தென்னையில் படுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். உட்கார்ந்து அழுதேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போய், குமிழைத் திருப்பிப் போட்டீர்கள். வால்வு சூடாகி, மறுபடியும் அதே பாட்டு. ஒன்றும் போகவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில், யாரும் தொடாமலே, பாடிக்கொண்டிருக்கும்போதே அது தானாகப் புகைந்து செத்தது. உங்களைப் பெற்றவள் போனதற்கு விட்டதைவிட அதிகமாகக் கண்ணீர் விட்டீர்கள். நான் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் நம் மகள் வந்தாள். முன்கூட்டிச் சொல்லாமல், தனியாக. நடு அறையில் உங்கள் மகன் கம்ப்யூட்டரில் ஏதோ சண்டையை அலறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா" என்று தொடங்கி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவள் அண்ணனைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினேன். டக்.

"என்னுங்கம்மா பண்ணுனீங்க! இப்படி அணைச்சா எல்லாம் போயிரும்!" என்று உங்கள் மகன் குதித்தான். "போனாப் போகட்டும், நீ சித்த வெளிய போ" என்றேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இப்பச் சொல்லு அம்மிணி" என்றேன்.

"கொஞ்ச நாளு இங்கயே இருந்துக்கட்டுமாம்மா?"

"இரு" என்றேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய சொல். கொடுக்க ஆளில்லாமல் இத்தனை வருடம் என்னிடமே இருந்தது. இன்னும் இருக்கிறது. மகளிடம் சொல்லியும் தீரவில்லை.

கம்ப்யூட்டரை மறுநாள் காலையில் உங்கள் மகன் போட்டுப் பார்த்தான். கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றும் கெட்டுப்போகவில்லை.