ஒரு குழாய் ரத்தம்

திருப்பதி,
ஞாயிறு.

சிரஞ்சீவி ராம்ப்ரசாத்துக்கு அண்ணா கண்ணபிரானின் ஆசீர்வாதம். புனேயில் நீங்கள் மூவரும் சௌக்கியம் என்று வாட்ஸ்அப் படங்கள் சொல்கின்றன.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். கோயிலில் கோஷ்டியோடு சேர்ந்து பிரபந்தப் பாசுரங்கள் சேவித்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. அது புதிதல்ல, எந்த மாத்திரைக்கும் அடங்காத வலிப்பு. விஜயராகவன் சித்தப்பா இறுகிக் கிடந்த என் வாயைப் பிளந்து தீர்த்தம் விட்டதுதான் புதிது. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆயிற்று. இன்னும் இருமினால் பச்சைக் கற்பூர வாசனை வருகிறது, குமட்டுகிறது. அவரே ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்து, "பெருமாள் தீர்த்தம்டா, அதனாலதான் பொழச்சே. இனிமே ஆத்துலயே சேவிச்சுக்கோ, பாக்கறவா பயப்படறா" என்றார். ஆப்பிள் வேறு வாங்கி வந்திருந்தார். தொடவில்லை.

நான் வேலை பார்த்த கல்லூரியிலும் இதே பயத்தைச் சொல்லித்தான், பௌதிகம் நடத்திய என்னை நூலகத்தில் உட்காரவைத்தார்கள். அப்பா மட்டும் என்ன? பள்ளிக்கூட நாளிலிருந்தே இதை 'மயக்கம்' என்று மூடிவைத்தார். படிக்கிற காலத்தில் கல்லூரி விடுதியில் விழுந்த பிறகுதான் எனக்கு வைத்தியமே ஆரம்பமானது.

இங்கே டாக்டர் அகிலா, இந்த நோய் குடும்பங்களில் எப்படி இறங்குகிறது என்று ஆராய்கிறார். என் ரத்தம் கொடுத்துவிட்டேன். கூடப்பிறந்தவன் ரத்தமும் ஒரு குழாய் வேண்டும் என்று உன்னைக் கேட்டதற்கு, "அண்ணா, ஸ்ரீவல்லிக்கு வரன் பாத்துண்டிருக்கோம். இந்தச் சமயத்துல இதெல்லாம் வேண்டாமே" என்றாய். பெயர் போடமாட்டார்கள், வெறும் எண்தான் என்று நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். உன் குரலில் அப்பாவைக் கேட்டேன். அருவருப்பாக இருந்தது.

போன சித்திரையில் நீங்கள் வந்திருந்தபோது ஸ்ரீவல்லி இந்தப் பெரியப்பாவுக்கு நெய் பரிமாறினாள். கரண்டி சாய்ந்தபடியே நின்றுவிட்டது. நெய் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. கூப்பிட்டேன், அவளுக்குக் கேட்கவில்லை. கண் நிலைத்திருக்க, உதடு மட்டும் எதையோ மென்றது. விழாமலே வரும் வலிப்பு அது. "கல்யாணக் கனவு அண்ணா அவளுக்கு" என்று உன் ஆத்துக்காரி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

இனி எந்த மருந்து வந்தும் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைகளில் டாக்டர் இருப்பார். அவளையும் அழைத்துக்கொண்டு வா. ரத்தம் கேட்டதற்காக என் மேல் உள்ள கோபத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வா.

வர மனமில்லையென்றால் இதையாவது செய். குழந்தை விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. அவள் வாயில் யாரும் எதையும் விட வேண்டாம், பெருமாள் தீர்த்தமானாலும்.

அவள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

கண்ணபிரான்