தலைதட்டி ஒரு கரண்டி

செவ்வாய்க் கோள், தென் கிடங்கு. நாள் 212, காலை.
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. வெளியே புழுதிப்புயல், வட குடியிருப்புக்கு வண்டி போகாது, வானொலி மட்டும் உண்டு. அங்கே நம் கடையை என் மனைவி செல்லக்கனி பார்த்துக்கொள்கிறாள்.

புதிய செயற்கைச் சத்துப்பொடி வந்திருக்கிறது; புயலுக்கு முன்பே கடைக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டேன். இங்கே ஈர்ப்பு குறைவு, எல்லோருக்கும் எலும்பு கரைகிறது, இது தடுக்குமாம். 'தீங்கு காணப்படவில்லை' என்கிறது கம்பெனித் தாள். எங்கே தேடினார்கள்? பூமியில், திடமான இளவட்டங்களிடம், சில வாரம். விற்பவன் வாய்ச்சொல்லை நம்பி நான் சரக்கு எடுத்ததில்லை. வட குடியிருப்பு டாக்டர் ரெஜினாவிடம் வானொலியில் சொல்லிவிட்டேன்: பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. செல்லக்கனி கடையில் அளந்து கொடுப்பாள்: தினம் தலைதட்டி ஒரு கரண்டி, குவியக் கூடாது. ரத்தம் பேசட்டும், பிறகு விற்போம்.

நாள் 230, மதியம்.
டாக்டர்: "அண்ணாச்சி, பொடி சாப்பிட்டவங்க எல்லாருக்கும் ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து எகிறுது. தலை சுத்துதுன்னு வந்த செல்லக்கனி அக்காவுக்குத்தான் ரொம்ப மோசம்."

உடனே நிறுத்தச் சொன்னேன். ஆனால் செல்லக்கனி சோதனையிலேயே இல்லையே? வானொலியில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

செல்லக்கனி: "ஏங்க, தலைதட்டிக் குடுத்தா நம்ம கடைன்னு எவன் சொல்லுவான்? எல்லாருக்கும் கொசுறு போட்டேன். வாங்குனவுக சும்மா போவாகளா? 'அக்கா, நீயும் ஒரு வாய்'னு தினமும் ஆளுக்கொரு சிட்டிகை ஊட்டிட்டுப் போனாக. வேண்டாம்னா மூஞ்சி சுருங்குமில்ல?"

அவளைக் கல்லாவில் உட்கார்த்திக் கொசுறு போடச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

நாள் 233, மாலை.
மற்றவர்கள் தேறிவிட்டார்கள். அவளுக்குச் சிறுநீரகம் நின்றுவிட்டது. வண்டியை எடுத்தேன். மேட்டைத் தாண்டுமுன் புழுதி புகுந்து மோட்டார் நின்றது. நடந்தே திரும்பினேன்.

செல்லக்கனி: "மறுபடி வரேன் கிரேன்னு கிளம்பிராதீக. உங்களையும் புயல் தின்னுட்டா கடைய யாரு பாப்பா?" சிரித்தாள். மூச்சு வாங்கியது. "பொடி மேல பழி போட்டுராதீக. சனத்துக்கு எலும்பு வேணும்."

நாள் 235.
டாக்டர் கூப்பிட்டார். அழுதார்.

மூட்டைகளைப் பிரித்துக் காற்றில் கொட்டலாம் போலிருக்கிறது. கொட்டவில்லை.

இதைப் படிப்பவருக்கு: சொன்ன அளவில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. அதனால் இந்தச் சோதனை எதற்கும் சாட்சி ஆகாது. பொடி நல்லதா, தெரியாது. அளவு கூடினால் கொல்லும், அது தெரியும். மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

அறிக்கையை முடித்துவிட்டேன். இறந்தவர் பெயர் என்று ஒரு கட்டம் மிச்சமிருக்கிறது. நான்தானே எழுத வேண்டும்.

செல்லக்